பெயரை எடுத்தவர்கள் குளிசையை விட்டுவிட்டார்கள்

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
ஆவணி மாதம். சோளகக் காற்று இன்னும் விட்டபாடில்லை.

என் மைத்துனரும், என் மகளின் ஞானத்தகப்பனும், ரொறன்ரோ மாநகரில் பனியோடு மல்லுக்கட்டி வாழ்பவருமாகிய மதிப்புக்குரிய வின்சன் அவர்களுக்கு,

லோறன்ஸ் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் இங்கே நானும் உமது தங்கை மதலேனாவும் பிள்ளை நிதர்சனாவும் உண்டு உடுத்து நடமாடுகிறோம். அங்கே நீரும் கலிஸ்ரா மச்சாளும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஞாயிறு தவறாமல் கேட்டுக்கொள்கிறேன். உமது இரத்தப் பிறசர் எப்படி? மச்சாள் மதலேனாவுக்குச் சொன்னதை வைத்துப் பார்த்தால், நீரும் என்னைப்போலக் குளிசையைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற ஆள்தான். அதைப் பிறகு சொல்கிறேன். இந்தக் கடிதமே குளிசை பற்றியதுதான்.

கடிதம் எதற்கு, தொலைபேசியில் கதைக்கலாமே என்பீர். கதைத்துப் பார்த்தாயிற்று. நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் நீர் அங்கே வெள்ளைக்காரன் எப்படிச் செய்கிறான் என்று சொல்லத் தொடங்கிவிடுகிறீர். வட்ஸ்அப்பில் எழுதினால் முதல் வரியைப் பார்த்துவிட்டுப் பெருவிரல் படம் ஒன்றைப் போட்டு அலுவலை முடித்துவிடுகிறீர். தாளில் எழுதினால் குறுக்கே பேச முடியாது. ஆகவே கதிரையில் வசதியாக இருந்து, மச்சாளுக்கும் கேட்கும்படி உரக்க வாசியும். வாசித்து முடித்ததும் உமக்கு ஒரு வேலை இருக்கிறது. கொழும்பில் மச்சாளின் சித்தப்பா மகன் பெரிய சட்டத்தரணி அல்லவா, அவரைப் பிடித்து ஒரு கொம்பனிக்குக் காரசாரமாக ஒரு கடிதம் அனுப்புவிக்கவேண்டும். அதிலே இரண்டு விடயம் இருக்கவேண்டும். ஒன்று, நிதர்சனாவின் பெயரை அவள் எழுதியதில் திரும்பப் போடவேண்டும். மற்றது, நான் குளிசை போட்டேனா இல்லையா என்று இலங்கை முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பதை நிறுத்தவேண்டும்.

முதலில் இருந்து சொன்னால்தான் உமக்கு விளங்கும். பிள்ளை வவுனியாவில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நீர் ஒரு மடிக்கணினி அனுப்பினீர் அல்லவா, அதை வைத்துக்கொண்டு அவள் கடைசி வருடம் ஒரு செயலி எழுதினாள். எங்கள் ஆட்கள் தொலைபேசியில் காலநிலை பார்ப்பதில்லை என்பது உமக்குத் தெரியும். பார்த்தாலும் அதில் ஒரு அம்புக்குறியும் ஒரு இலக்கமும்தான் இருக்கும். சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று சொன்னால்தான் எங்களுக்கு அது காற்று, இல்லாவிட்டால் அது கணக்குப் பாடம். பிள்ளை என்ன செய்தாளென்றால், அந்த இலக்கங்களை வாங்கி எங்கள் காற்றுகளாக மாற்றித் தன் குரலிலேயே சொல்லும்படி செய்தாள். விடியற்புறம் தொலைபேசியை அழுத்தினால் போதும், "இண்டைக்குச் சோளகம் கடுமை, படகை இறக்காதேங்கோ" என்று சொல்லும். அதற்குக் கொண்டல் என்று பெயரும் வைத்தாள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காதவர்கள், தொலைபேசிக்குள்ளிருந்து என் மகள் சொன்னதும் படகை மேலே இழுத்துக் கட்டினார்கள்.

குளிசைக் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வருடம் நான் கடலில் தலைசுற்றிப் படகுக்குள் விழுந்ததும், ஆஸ்பத்திரியில் பிறசர் என்று சொல்லித் தினமும் பின்னேரம் ஒரு குளிசை, அதுவும் ஆயுள் முழுக்க என்று எழுதித் தந்ததும் உமக்கு நினைவிருக்கும். மதலேனா கேட்டால் "போட்டனான்" என்பேன். அவளும் நம்புவாள், அல்லது நம்புவதுபோல இருப்பாள். பிள்ளை நம்பவில்லை. கொண்டலுக்குள்ளேயே எனக்கென்று ஒரு ஏற்பாடு செய்துவிட்டாள். பின்னேரம் ஏழு மணிக்கு அவளுடைய குரல் கேட்கும்: "அப்பா, குளிசை போட்டாச்சோ? பொய் சொல்லாதேங்கோ." ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தாவிட்டால் சற்று நேரத்தில் மறுபடியும் கேட்கும். மற்ற ஆட்களுக்குக் கேட்கக்கூடாதே என்று அவள் அதற்கு மேலே ஒரு வரி எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் அது இப்படி: இந்தத் தொலைபேசி லோறன்ஸின் தொலைபேசியாக இருந்தால் மட்டும் கேள். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளும். எல்லாக் குழப்பமும் இதிலேதான் வந்து முடிகிறது.

படிப்பு முடிந்ததும் அவள் எழுதியது முழுவதையும் இணையத்தில் பொதுவாகப் போட்டுவிட்டாள். செயலி எழுதுகிறவர்களின் வழக்கம் அப்படியாம். எனக்கு அது பிடிபடவில்லை.

"ஆரும் எடுக்கலாம் அப்பா. மாத்தலாம். விக்கவும் விக்கலாம்."

"விக்கவுமோ?"

"ஓம். ஒரேயொரு நிபந்தனைதான். எழுதின ஆளின்ர பேரை அழிக்கப்படாது."

எனக்குச் சரியான கோபம். கண் விழித்து எழுதிவிட்டுத் தெருவில் வைப்பதா என்று இரண்டு நாள் பிள்ளையோடு கதைக்கவில்லை. பிறகு கரைவலை இழுக்கிற இடத்தில் நிற்கும்போதுதான் எனக்கே விளங்கியது. வழியால் போகிறவன் கயிற்றில் கை வைத்தால் அவனுக்குக் கறிக்கு மீன் கொடுக்கிறோம். அவன் அதைச் சமைத்தாலென்ன, விற்றாலென்ன, நாங்கள் கேட்பதில்லை. ஆனால் அது யாருடைய வலை என்று கேட்டால் அவன் தன்னுடைய வலை என்று சொல்லமாட்டான். பெயர் என்றால் அப்படித்தான். காசு கொடுத்துப் பூசை ஒப்புக்கொடுத்தவரின் பெயரைப் பங்குச் சுவாமி வாசிக்க மறந்துவிட்டால், அந்தக் குடும்பம் மூன்று ஞாயிறு அடுத்த ஊர்க் கோவிலுக்குப் போவதை நீரும் கண்டிருக்கிறீர். உமது தகப்பனாரே போனவர். அவர் கொடுத்தது காசுக்கணக்கில் பெரிதல்ல, பெயர்தான் பெரிது. பிள்ளை சொன்னது இதுதான் என்று விளங்கியதும் நான் போய் அவளோடு கதைத்தேன்.

இனி உமது பங்கு. போன வருடம் நீர் எனக்கொரு விளம்பரம் அனுப்பினீர். கடற்துணை என்று ஒரு செயலி, கொழும்புக் கொம்பனி ஒன்று விற்கிறது, மாதா மாதம் காசு. அதற்குக் கீழே நீர் எழுதியிருந்தது எனக்கு அப்படியே மனப்பாடம்: "பாரும் லோறன்ஸ், எங்கட ஆக்கள் எப்பிடி முன்னேறிட்டாங்கள். நிதர்சனாவையும் இப்பிடி ஏதாவது செய்யச் சொல்லும்." அதோடு நிற்காமல், கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு நீரும் அதற்குக் காசு கட்டினீர். உமது வீட்டு வாசலில் இருப்பது ஏரி, அதில் நீர் கால்கூட நனைப்பதில்லை, உமக்கு எதற்கு மச்சான் காற்று? ஆனால் பிள்ளைகளை ஊக்குவிக்கவேண்டும் என்றீர். ஊக்குவித்தீர்.

இங்கே கிளிநொச்சியிலிருந்து ஐஸ் லொறியோடு வந்து மீன் வாங்குகிற சிற்றம்பலம் இருக்கிறார் அல்லவா, அவரும் அதை வாங்கித் தனக்கு மீன் கொடுக்கிற எல்லாப் படகுக்காரருக்கும் போட்டுக்கொடுத்தார். சும்மா கிடைக்கிற கொண்டலை விட்டுவிட்டு எங்கள் ஆட்களும் அதற்கு மாறினார்கள். காசு கட்டினால்தான் காற்றுச் சரியாக வரும் என்று எங்கள் கரையில் ஒரு நம்பிக்கை. அதில் ஒரு கொழும்பு அம்மாவின் குரல், செய்தி வாசிக்கிறதுபோல, "இன்று சோளகம் கடுமை" என்று சொல்லும். நிதர்சனா சிற்றம்பலத்தின் தொலைபேசியை வாங்கி அங்குமிங்கும் தட்டிப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரிப் போனது.

"அப்பா, இது என்ர."

"காத்தின்ர பேரெல்லாம் ஊருக்குப் பொதுதானே பிள்ளை?"

"பேர் பொதுதான். ஆனா நான் விட்ட பிழையும் அப்பிடியே கிடக்கு. கொண்டல் காத்துக்கு நான் ஒரு கணக்கைத் தலைகீழாப் போட்டனான், பிறகு திருத்தினனான். இவையள் நான் திருத்த முதல் இருந்ததை எடுத்திருக்கினம். என்ர பேர் மட்டும் வெளியில ஒரு இடத்திலயும் தெரியேல்லை. மாமாவுக்குச் சொல்லாதேங்கோ, அவர் கவலைப்படுவார்."

ஆகவே நான் உமக்குச் சொல்லவில்லை. பிள்ளை அந்தக் கொம்பனிக்கு மிகவும் பண்பாக ஒரு மின்னஞ்சல் எழுதினாள். நீங்கள் விற்பது பற்றி எனக்கு மறுப்பில்லை, என் பெயரை மட்டும் இருந்த இடத்தில் வையுங்கள் என்று. பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றியாம். கடற்துணையை அவள் மூன்று மாதம் விலை குறைத்து, கழிவு விலையில் பாவிக்கலாமாம். அவள் வீட்டுச் சட்டியை அவளுக்கே வாடகைக்குத் தந்து, அதிலும் கழிவு கொடுக்கிறார்கள் பாரும். நான் அதை வாசித்த அன்று நிச்சயமாகக் குளிசை போட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. போன மாதம் கொழும்பில் வேறொரு கொம்பனியில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நல்ல வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், மாதம் ஒருமுறை போனால் போதும். பிள்ளை எவ்வளவு ஆசையோடு போனாள் என்றால், மதலேனா கொழுக்கட்டை அவித்துக் கொடுத்ததை மறந்துவிட்டுப் போனாள். எல்லாம் நன்றாகத்தான் நடந்ததாம். கடைசியில் தனியாக எழுதியது ஏதாவது இருந்தால் காட்டச் சொன்னார்களாம். இவள் கொண்டலைக் காட்டியிருக்கிறாள். அங்கே இருந்த ஒரு அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துவிட்டு, இது கடற்துணையில் இருப்பது, அப்படியே எடுத்திருக்கிறீர்களே என்றாராம். பிள்ளை திகதிகளைக் காட்டினாளாம். திகதியை யாரும் பின்னால் போடலாம் என்றார்களாம். அடுத்த மாத முடிவுக்குள் ஒழுங்கான ஆதாரம் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் இந்தத் துறையில் யாரும் உங்களை எடுக்கமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் ஓமந்தை வரும்வரை அழுதாளாம். ஓமந்தை கடந்ததும் பசித்ததாம், ஆனால் பஸ் நிற்கவில்லையாம். வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னாள்:

"அப்பா, நான் எழுதினதை நானே களவெடுத்தனானாம்."

மச்சான், மடிக்கணினி வாங்கித் தந்த மாமாவுக்கு எப்படி முகம் காட்டுவேன் என்று அவள் கேட்டாள். பிள்ளை அப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று உமக்குத் தெரியும். சட்டையைப் போட்டுக்கொண்டு பொலிசுக்குப் போனேன்.

அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், கதிரை தந்து இருக்கச் சொன்னார்.

"என்ன ஐயா களவு போனது?"

"மகள் எழுதினது."

"கொப்பியோ?"

"இல்லை, கொம்பியூற்றரில எழுதினது."

"கொம்பியூற்றர் களவு போயிட்டுதோ?"

"இல்லை, வீட்டில இருக்கு."

"அதுக்குள்ள எழுதினது அழிஞ்சிட்டுதோ?"

"இல்லை, அதுவும் இருக்கு."

அவர் பேனையை மூடி வைத்தார். "எல்லாம் வீட்டில இருக்கேக்க நீங்கள் ஏன் ஐயா இஞ்ச வந்தனீங்கள்?"

"பேர் போயிட்டுது."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அடையாள அட்டை தொலைந்தால் நிரப்புகிற படிவம் ஒன்றை எடுத்துத் தந்தார். அந்த மனிதரில் பிழையில்லை. எனக்கே அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். வீணாக்கக்கூடாது என்று மதலேனா அதில்தான் இப்போது கடைக்குச் சாமான் எழுதுகிறாள்.

இனித்தான் கோவில் கதை. எங்கள் கோவில் திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் நற்கருணை ஆராதனை. கோவில் நிறைந்த சனம். சுவாமி பீடத்தின் முன் முழந்தாளில் இருக்கிறார். பாட்டும் நின்றுவிட்டது. சாம்பிராணிப் புகை மட்டும் மேலே போகிறது. ஏழு மணி ஆனதும் முன்வரிசையில் ஒருவரின் சட்டைப்பைக்குள்ளிருந்து என் மகளின் குரல்: "அப்பா, குளிசை போட்டாச்சோ? பொய் சொல்லாதேங்கோ." நான் திடுக்கிட்டு என் சட்டைப்பையைத் தடவினேன். என் தொலைபேசி வீட்டில் குசினி அலுமாரிக்குள் இருந்தது. அதற்குள் இடது பக்கத்திலிருந்தும் அதே கேள்வி. பிறகு தூணடியில். பிறகு பாட்டுக்காரருக்குள். சிற்றம்பலம் செயலி போட்டுக்கொடுத்த படகுக்காரர் அத்தனை பேரின் தொலைபேசியும் ஒன்றன்பின் ஒன்றாக என் பிறசரை விசாரித்தது. அந்தக் குரல் யாருடையது என்று ஊருக்கே தெரியும், ஞாயிறு தோறும் வாசகம் வாசிக்கிறவள் அல்லவா. கோவில் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து மதலேனா கண்ணாலேயே கேட்டாள். ஆண்டவரின் சந்நிதியில் பொய் சொல்ல முடியுமா, இல்லை என்று தலையாட்டினேன். சுவாமி திரும்பாமலே சொன்னார்:

"லோறன்ஸ், போய்ப் போட்டிட்டு வாங்கோ. நாங்கள் நிக்கிறம்."

பின்னாலிருந்து சுஜிதன் என்கிற பெடியன், கலியாணம் ஆகாதவன், எழும்பி நின்று, "சுவாமி, என்னையும் அப்பா எண்டு கேக்குது, இதை அம்மா கேட்டால் வீட்டில பிரச்சினை" என்றான். அதற்குப் பிறகு ஆராதனை எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது, நான் வீட்டில் குளிசையோடு நின்றேன். அன்றிலிருந்து ஊரில் எனக்குக் குளிசை லோறன்ஸ் என்று பெயர். பிள்ளையின் பெயரைக் காணவில்லை என்று நான் அலைய, எனக்கொரு பெயர் கிடைத்தது.

அடுத்தடுத்த நாள்களில் செய்தி வரத் தொடங்கியது. சிற்றம்பலத்துக்குப் பளையிலிருந்து சிநேகிதர் தொலைபேசி எடுத்துக் கேட்டாராம், யார் இந்தப் பிள்ளை, ஏன் என்னைக் கேட்கிறாள் என்று. தெற்கே ஒரு துறையில் கடற்துணையைச் சிங்களத்தில் கேட்கிற, தமிழ் தெரியாத ஆட்கள், ஒரு பெண்பிள்ளை இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறாள், ஏதோ புயலாக்கும் என்று படகுகளை எல்லாம் கரைக்கு இழுத்துப் போட்டார்களாம். ஒருவர் விடாமல் கொம்பனிக்கு முறைப்பாடு. ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. பாண் ஒரு நாள் பழசு என்றாலும் கடைக்காரனுக்கு முறைப்பாடு எழுதுகிற நீர், அந்தச் செயலிக்குக் காசும் கட்டிய நீர், இதுபற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உமது தொலைபேசியில் மட்டும் கேட்கவில்லையோ?

இப்படியிருக்க, போன வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு ஒரு அழைப்பு வந்தது. எங்களுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"அக்கா, நான் அஜந்தன். கடற்துணைக் கொம்பனியில வேலை செய்யிறன். வவுனியாப் பெடியன்தான்."

"சொல்லுங்கோ."

"அந்தக் குளிசைக் குரலை எப்பிடி அக்கா நிப்பாட்டுறது? எல்லா இடமும் தேடிப் பாத்திட்டன், ஏன் வருது எண்டு தெரியேல்லை. முதலாளியின்ர அப்பாவுக்கும் கேக்குது. அவர் உண்மையாவே குளிசை போடுறேல்லையாம், இப்ப வீட்டில பிடிபட்டிட்டார்."

நான் தொலைபேசியைப் பறித்து நாலு வார்த்தை சொல்லக் கையை நீட்டினேன். மதலேனா நான் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து இழுத்தாள். சாரத்தைப் பிடித்துக்கொள்வதா, கோபத்தைப் பிடித்துக்கொள்வதா என்ற நிலையில் நான் இருக்க, பிள்ளை அமைதியாகக் கேட்டாள்:

"நீங்கள் ஒரு வரியை எடுத்திட்டியள். ஏன் எடுத்தனீங்கள்?"

"எந்த வரி அக்கா?"

"அப்பான்ர பேர் இருந்த வரி."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டித் தேடுவது கேட்டது. பிறகு பெடியன் மெதுவாகச் சொன்னான். "உங்கட மின்னஞ்சல் வந்த பிறகு, உள்ளுக்க பேர் இருக்கிற வரி எல்லாத்தையும் முதலாளி தேடி எடுக்கச் சொன்னவர். உங்கட பேரையும் எடுத்தனான். லோறன்ஸ் எண்டு இருந்ததையும் எடுத்தனான். இந்த மாசப் புதுப் பதிப்பிலதான் அது வெளிய போனது."

இப்போது விளங்குகிறதா மச்சான்? முதலில் எடுத்தபோது காற்றுச் சொல்லுகிற குரலை மாற்றினார்கள். குளிசைக் குரல் லோறன்ஸுக்கு மட்டும் என்று இருந்தபடியால் அவர்களுக்கு ஒருநாளும் கேட்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிள்ளை பெயரைக் கேட்டதும் பயந்துபோய், பெயர் உள்ள எல்லாவற்றையும் துடைத்தார்கள். லோறன்ஸுக்கு மட்டும் என்ற வரியும் போயிற்று. வரி போனதும், கேள்வி எல்லோருக்குமாகிவிட்டது.

"அந்த வரியைத் திரும்பப் போடுங்கோ," என்றாள் பிள்ளை. "அப்ப அப்பாவுக்கு மட்டும்தான் கேக்கும்."

"அவ்வளவுதானோ அக்கா?"

"அப்பான்ர பேர் தனிய நிக்காது. என்ர பேரை எடுத்த இடமெல்லாம் என்ர பேரையும் போடுங்கோ. ரெண்டையும் போட்டால்தான் சரி."

"முதலாளியிட்டக் கேட்டுச் சொல்லுறன் அக்கா. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

மச்சான், நான் இதுவரை பிள்ளையின் படிப்பைப் பற்றி ஊரில் பெருமையாகக் கதைத்தேனே தவிர, அவள் என்ன படித்தாள் என்று எனக்குத் தெரியாது. அன்றுதான் தெரிந்தது. கத்தவில்லை, திட்டவில்லை, ஒரு வரியைத் திரும்பக் கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிப் பார்த்தேன், குசினியில் அன்று வெங்காயமே இல்லை என்று மதலேனா சொல்லிவிட்டாள்.

ஆனால் வெள்ளி போய்ப் புதன் வந்துவிட்டது, முதலாளியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பின்னேரமானால் குரல் மட்டும் நாடு முழுக்க வருகிறது. மாத முடிவும் கிட்டுகிறது. அதனால்தான் சட்டத்தரணி. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், நீளமாக இருக்கட்டும், நடுவில் லத்தீன் சொல் இரண்டு மூன்று வந்தால் நல்லது. பெயரைப் போடச் சொல்லும். குரலை நிறுத்தச் சொல்லும். இரண்டிலும் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்கவேண்டாம். தாமதமும் வேண்டாம்.

மச்சாளுக்கு எங்கள் எல்லோருடைய அன்பும். பிள்ளை உமக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். அங்கே குளிர் தொடங்கமுன் கம்பளிக் கால்மேசு எடுத்து வையும். மாதா உமது வீட்டையும் உமது காரையும் உமது பிறசரையும் காப்பாராக.

இப்படிக்கு,
உமது தங்கையைக் கட்டிய பாவத்துக்கு உம்மை மச்சான் என்று அழைக்கும்,
லோறன்ஸ்.

பி.கு.: கடிதத்தை ஒட்டி வைத்த பிறகு சைக்கிள் ரயர் வெடித்து, ரயர் மாற்றிய அன்று தபால் கந்தோர் பூட்டியிருந்து, கடிதம் ஒரு கிழமை அலுமாரியில் கிடந்தது. இன்று உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதையெல்லாம் குறுக்கே வெட்டிவிடும். சட்டத்தரணியைத் தொந்தரவு செய்யவேண்டாம்.

முதலாளியின் தகப்பனார் மகனைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளையின் பெயரைப் போடு, என்னைக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான் என்றாராம். அஜந்தன் அன்று முழுக்க இருந்து எடுத்தது எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்தான். இப்போது கடற்துணையைத் திறந்தால் முதற்பக்கத்திலேயே இருக்கிறது: இதை முதலில் எழுதியவர் நிதர்சனா லோறன்ஸ், முல்லைத்தீவு. நான் சிற்றம்பலத்தின் தொலைபேசியில் ஒருமுறை, சுஜிதனின் தொலைபேசியில் ஒருமுறை, சுவாமியின் தொலைபேசியில் ஒருமுறை பார்த்தேன். மூன்றிலும் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்த அம்மாவும் எடுத்து மன்னிப்புக் கேட்டார். ஒன்றாம் திகதியிலிருந்து வேலை.

குரலும் நின்றுவிட்டது, நான் கேட்டதுபோலவே. அதுதான் இப்போது பிரச்சினை. சிற்றம்பலம் நேற்று மீனுக்கு வரவில்லை, சும்மா வந்து வாசலில் நின்று, "பிள்ளையைக் கொஞ்சம் கேக்கச் சொல்லுங்கோ, எனக்கு மறந்து மறந்து போகுது" என்கிறார். இப்படி ஒவ்வொருவராக வருகிறார்கள். நிதர்சனா இருந்து, அவரவர் தங்கள் பிள்ளையின் குரலைப் பதிந்து வைக்கும்படி புதிதாக ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறாள். அதையும் பொதுவில்தான் போடப்போகிறாள், அதே நிபந்தனையோடு.

கடைசியாக ஒன்று. கலிஸ்ரா மச்சாள் இன்று காலை மதலேனாவுக்கு எடுத்திருந்தவா. "இந்த மனிசன் ஏழு மணியானா போனைக் கையில வைச்சுக்கொண்டு கதிரையில இருக்கிறார். சத்தம் வரேல்லை எண்டு தட்டித் தட்டிப் பாக்கிறார். குளிசையும் போடுறாரில்லை. குரல் வந்த நாளெல்லாம், 'ஓம் பிள்ளை, போட்டிட்டன்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் பொத்தானை அழுத்துவார்" என்று சொன்னாவாம். நீர் ஏன் முறைப்பாடு எழுதவில்லை என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது.

நிதர்சனாவிடம் சொன்னேன். நீர் அனுப்பிய மடிக்கணினியைத் திறந்தாள். அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: இந்தத் தொலைபேசி லோறன்ஸின் தொலைபேசியாக அல்லது வின்சனின் தொலைபேசியாக இருந்தால் மட்டும் கேள். அஜந்தனுக்கும் அனுப்பிவிட்டாள். குரலில் அப்பா என்று வருகிறதே, மாமா என்று புதிதாகப் பதியவேண்டாமோ என்று கேட்டேன்.

"வேண்டாம் அப்பா. அவர் பதில் சொல்லிப் பழகிட்டார்."

இந்தக் கடிதம் உமது கையில் கிடைக்க இரண்டு கிழமையாவது செல்லும். அதற்கு முன்பே உமக்குக் கேட்கத் தொடங்கியிருக்கும். செயலி மறுபடியும் பழுதாகிவிட்டது என்று யாரும் சொன்னால் நம்பாதேயும். இந்தமுறை அது உம்மைத்தான் கேட்கிறது.